கிணற்று நீரும் நான்கு முன்பற்களும்

பல் நிறம் மாறுவதற்கு எத்தனை காரணங்கள் உண்டு என்று நான் ஒரு கொப்பியில் எழுதிவந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடிந்தபோது அதில் பதினொரு காரணங்கள் சேர்ந்திருந்தன. வெற்றிலைக் கறை செம்பழுப்பு, கடைவாய்ப் பக்கம் தடித்துப் படியும். சுருட்டுக் கறை பல்லின் உட்புறத்தில்தான் முதலில் ஏறும், எதிரே நிற்பவருக்குத் தெரியாது. தேநீர்க் கறை மெல்லியது, பல்லிடுக்குகளில் கோடாக நிற்கும். வாயைத் திறந்தபடி தூங்கும் பிள்ளைகளுக்கு ஈறோரம் பச்சையாக ஒரு விளிம்பு வரும். இரும்புச்சத்துப் பாணி மருந்து குடித்தவர்களுக்குக் கறுப்பு. ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாக இருந்தால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு விழுகை இருக்கும், சைக்கிளிலிருந்தோ மதிலிலிருந்தோ. குழந்தையாக இருந்தபோது காய்ச்சலுக்கென்று மாதக்கணக்கில் கொடுத்த சில மருந்துகளால், முளைக்கும் பற்கள் சாம்பல் மஞ்சள் பட்டைகளோடு வெளியே வரும்.

இவற்றில் சில மேலே படிந்தவை. தேய்த்தால், சுரண்டினால் போய்விடும். மற்றவை பல்லுக்குள்ளேயே இருப்பவை. எது போகும், எது போகாது என்று பிரித்தறிவதுதான் என் வேலையில் பாதி. அந்தப் பாதியில் நான் விட்ட ஒரு பிழையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பாடசாலைப் பற்சிகிச்சைத் தாதி. தெற்கே இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதியில் அச்சுவேலிப் பக்கம் ஒரு பெரிய பாடசாலையின் ஓரத்து அறை எனக்குத் தரப்பட்டது. ஒரு சாய்வுக் கதிரை, பல் பார்க்கும் ஆயுதங்களை அவிக்க மண்ணெண்ணெய் அடுப்பு, காலால் மிதித்து ஓட்டும் துளைக்கருவி ஆகியவை அங்கே இருந்தன. துளைக்கருவியைப் பிள்ளைகள் தையல் மெசின் என்றார்கள். என்னைப் பல்லு மிஸ் என்றார்கள். சுற்றியுள்ள ஆறு பாடசாலைகளின் பிள்ளைகளும் என் பொறுப்பு.

பாடசாலை வருடத்தின் மூன்று தவணைகளில் முதலாவதில் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். விறாந்தையில் உட்கார நீள வாங்கு போட்டு, வகுப்பு வகுப்பாக வரிசையில் விடுவார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம். சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்து, அட்டையில் குறித்து, வீட்டுக்கு ஒரு துண்டுக் கடதாசி கொடுத்தனுப்புவேன். அந்தத் துண்டை நானே ரோனியோ இயந்திரத்தில் படியெடுத்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக எழுத நேரம் போதாது என்பதால் எட்டு அறிவுரைகளை வரிசையாக அச்சிட்டு, வேண்டியவற்றுக்கு முன்னால் சிவப்புப் பென்சிலால் சரி போடுவேன். நல்ல ஒழுங்கு என்று எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது.

அந்தப் பிள்ளை அப்போது ஏழாம் வகுப்பு. வேறொரு சிறிய பாடசாலையிலிருந்து புதிதாக வந்திருந்தாள். வாயைத் திற என்றதும் கீழுதட்டை மட்டும் இறக்கினாள். மேலுதட்டை நான்தான் விரலால் தூக்கினேன். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கோப்பிக் கறை போலப் பழுப்பு. ஆயுத முனையால் வருடினேன். சொரசொரப்பாகத் தட்டுப்பட்டது. படிந்து இறுகிய அழுக்கு என்று முடிவு செய்தேன். பின்னால் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள். துண்டில் மூன்று சரிகள் போட்டேன்: "பற்களை ஒழுங்காகத் துலக்கவும்", "கடும் தேநீர் தவிர்க்கவும்", "வெற்றிலை, புகையிலை தவிர்க்கவும்."

என் அறையில் இருந்த மெருகுப் பசையைத் தொட்டு ஒரு பல்லில் பத்துத் தடவை தேய்த்துப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

அவள் திரும்ப என்னிடம் வந்தது மூன்றாம் தவணையில். வாசிப்புப் பாடத்தில் வாயைத் திறக்கிறாள் இல்லை, பல்லில் ஏதோ நோவு போல என்று வகுப்பாசிரியை அனுப்பியிருந்தார். இடையில் ஒரு மாதத்துக்கு மேல் அவள் பாடசாலைக்கு வரவில்லை. பெரியபிள்ளையாகிவிட்டாள்.

"என்ன செய்யுது?"

"கூசுது மிஸ்."

"எதுக்குக் கூசுது?"

"தண்ணிக்கு. காத்துக்கும்."

கதிரையில் சாய்த்துப் பார்த்தேன். நான்கு பற்களும் மினுக்கம் இழந்து சுண்ணாம்புச் சுவர் போலக் கிடந்தன. முரசு என்று நாங்கள் சொல்லும் ஈறு பல இடங்களில் உராய்ந்து சிவந்திருந்தது. பழுப்பு அப்படியே இருந்தது. அதன் ஓரங்களில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகளும் குறுக்குக் கோடுகளும் இப்போதுதான் என் கண்ணில் பட்டன. வலது பக்கப் பல்லில் எந்த உயரத்தில் பழுப்போ, இடது பக்கத்துச் சோடிப் பல்லிலும் அதே உயரத்தில் பழுப்பு. அழுக்கு இப்படிச் சமன் பார்த்துப் படியாது.

"எதால துலக்கிறனீ?"

அவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: "பழப்புளியும் சாம்பலும்."

"ஆர் சொன்னது?"

"அம்மா. விளக்கு மினுக்கிற மாதிரி. நீங்கள் துண்டு தந்த நாள் தொடக்கம், காலமையும் பின்னேரமும்."

எங்கள் வீடுகளில் வெள்ளிக்கு முதல்நாள் குத்துவிளக்குகளை இறக்கி, பழம்புளியைக் கரைத்துப் பூசி, சாம்பலும் செங்கல் தூளும் தொட்டுத் தும்பால் தேய்ப்பார்கள். எவ்வளவு களிம்பு ஏறிய பித்தளையும் பொன்னாகிவிடும். கடையில் பற்பசை கிடைக்காத காலம் அது. துண்டில் "ஒழுங்காக" என்று போட்டிருந்தேன். அந்தத் தாய் தனக்குத் தெரிந்த மிக ஒழுங்கான வழியில் செய்திருக்கிறார். புளி பல்லின் மேற்பரப்பை இளக்கும். இளகியதைச் சாம்பல் அரைத்துக்கொண்டு போகும். மாதக்கணக்காக, நாளுக்கு இரண்டு தடவை.

"எங்கை பிறந்தனீ?" என்று கேட்டேன்.

"வவுனியாப் பக்கம். அங்கை எங்களுக்குக் காணி இருக்கு. அப்பா இப்பவும் அங்கைதான்."

என் படிப்புக் குறிப்புகளில் அரைப்பக்கம் இருந்தது. சில நிலத்தடி நீரில் புளோரைட் என்ற உப்பு அளவுக்கு மிஞ்சி இருக்கும். தாடைக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் அந்த நீரைக் குடித்த பிள்ளைக்கு, பல் பழுதாகவே உருவாகும். முளைத்து வெளியே வரும்போது புள்ளியும் கோடுமாக வரும், பிறகு பழுப்பேறும். தீவின் உலர்ந்த உட்பகுதிகளில் அது அதிகம் என்று படித்திருந்தேன். பரீட்சைக்கு எழுதியும் இருந்தேன். ஆனால் குடாநாட்டுப் பாடசாலை விறாந்தையில் அது வரிசையில் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

புளியை உடனே நிறுத்து, உப்புத் தண்ணீரால் கொப்பளி, விரலால் மட்டும் துலக்கு, நாளைக்கு அம்மாவைக் கூட்டி வா என்றேன்.

"அம்மா எப்படியும் உங்களிட்டை வருவா மிஸ்," என்றாள். "திங்கக்கிழமை பல்லைக் கழட்டப் போறம். அதுக்கு முதல் உங்களை ஒருக்கால் கேக்க வேணுமாம்."

மறுநாள், புதன்கிழமை, தாய் வந்தார். மெலிந்தவர், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி வாசலிலேயே நின்றார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. விஷயத்தை நேராகச் சொன்னார். வவுனியாப் பக்கத்து வன்னிக் காணியில் அறுவடை முடிந்து தகப்பன் வந்ததும், பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. நாள் குறித்தாகிவிட்டது. நான்கு ஊரிலிருந்து இனசனம் வரும், படம் பிடிக்க ஆள் வருவார். பட்டணத்தில் பல் கட்டிக் கொடுக்கும் ஒருவர் இருக்கிறார். நான்கு முன்பற்களையும் எடுத்துவிட்டு, புண் ஆறினதும் வெள்ளையாக ஒரு பொய்ப்பல் வரிசை செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்.

"அது நல்ல பல்லு அம்மா," என்றேன். "ஒண்டிலும் சூத்தை இல்லை. பதின்மூண்டு வயசில எடுத்தால் காலம் முழுக்கக் கழட்டிக் கழட்டிக் கொழுவ வேணும். தாடை இன்னும் வளருது. இப்ப வைக்கிறது ரெண்டு வருசத்தில பொருந்தாது. முன்னெலும்பும் கரையும்." காரணங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னேன். நான்கு வந்தது.

தாய் பொறுமையாகக் கேட்டார். என்னையும் பிள்ளை என்றே அழைத்தார். "அப்ப நிறம் ஏன் பிள்ளை போகேல்லை?"

"அது துலக்கிப் போற நிறம் இல்லை. பல்லுக்குள்ளை இருக்கு. சின்ன வயசில குடிச்ச தண்ணியாலை வந்தது."

"தண்ணியோ?" அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது, நம்பாத சிரிப்பு. "வன்னியில இருக்கேக்கை இவளுக்குப் பல்லு முத்து மாதிரி. இஞ்சை வந்து, அது விழுந்து முளைச்ச பிறகுதான் இந்தக் கோலம். தண்ணி எண்டால் அங்கையெல்லோ வந்திருக்க வேணும்?"

நான் பதில் சொல்ல வாயெடுக்க முன், "நீங்கள்தானே ஊத்தை எண்டு எழுதி அனுப்பினனீங்கள்?" என்றார். குரலில் கோபமில்லை, கேள்விதான். "வெற்றிலை எண்டும் கிடந்தது. இவளின்ரை அப்பா வந்து நிண்ட நேரம். இவள் எடுத்துப் போடுறாளோ எண்டு தட்டத்தில வெற்றிலை எண்ணிப் பாத்தவர். இவள் அண்டைக்கு முழுக்கச் சாப்பிடேல்லை."

அப்போது நான் சொன்னதை இன்றைக்கும் எழுதக் கூச்சமாக இருக்கிறது. "அது எல்லாருக்கும் பொதுவாக் குடுக்கிற துண்டு அம்மா," என்றேன். துண்டு பொதுவானதுதான். சரிகள் பொதுவானவை அல்ல. அவை என் கையால் போட்டவை. தாய்க்கு அது தெரியும், எனக்கும் தெரியும். அவர் தலையை ஆட்டினார். "சரி பிள்ளை, யோசிப்பம்," என்று சொல்லிவிட்டுப் போனார். யோசிக்கப் போவதில்லை என்பது அந்தக் குரலிலேயே இருந்தது. ஒருமுறை ஊத்தை என்றவள், மறுமுறை தண்ணீர் என்கிறாள். இவளை எப்படி நம்புவது? அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய்க் கொப்பியில் ஒரு பக்கத்தைக் கோடு போட்டுப் பிரித்தேன். அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், யார் எங்கே பிறந்தார்கள், எந்த வயது வரை எந்தக் கிணற்றில் குடித்தார்கள், பல் எப்படி. கடைசி நிரலை நான் நேரில் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். முதல் வரிசைக்கு மேலே, இன்னொரு விஷயத்தையும் எழுதி அடிக்கோடிட்டேன்: "பிழை என்னுடையது என்று முதலில் சொல்." எழுதி வைக்காவிட்டால் மறுபடி சுற்றி வளைத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் சைக்கிளில் போனேன். கண்ணாடியும் ஆயுதமும் அவித்துத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். படலையைத் திறக்கும்போதே புளி மணத்தது. தாய் கிணற்றடியில் குந்தியிருந்து விளக்குத் தண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பருத்த பெண், வாளியில் தண்ணீர் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தார். தகப்பனின் தமக்கை, பிள்ளைக்கு மாமி, அடுத்த வளவில் இருப்பவர்.

"ஆர் மச்சாள் உது?" என்றார் அவர்.

"பல்லு மிஸ்."

"ஓ, வெற்றிலைத் துண்டு தந்தவவோ?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாங்கோ வாங்கோ. எனக்கும் ஒரு துண்டு எழுதித் தாங்கோ. நான் உண்மையாப் போடுறனான்." வாயைத் திறந்து காட்டினார். உண்மையாகவே போடுகிறவர்தான். என் பட்டியலின் முதல் காரணம் அவர் வாயில் நாற்பது வருடமாகக் குடியிருந்தது.

பிள்ளை குசினி வாசலில் வந்து நின்றாள். தாய் கையைக் கழுவிக்கொண்டு எழும்பினார். நான் எழுதி வைத்ததை முதலில் சொன்னேன்.

"அம்மா, நேற்று நான் சரியாச் சொல்லேல்லை. அந்தத் துண்டில சரி போட்டது நான்தான். இவளின்ரை பல்லை ஒழுங்காப் பாக்காமல் போட்டனான். ஊத்தை இல்லை. வெற்றிலையும் இல்லை. என்ரை பிழை. அதாலதான் நீங்கள் புளி போட்டுத் தேய்ச்சனீங்கள், அதாலதான் இப்ப கூசுது."

மாமி வாளியைக் கீழே வைத்தார். "கேட்டியே மச்சாள்? படிச்ச பிள்ளை பிழை எண்டு சொல்லுது. மழை வரப்போகுது, விறகை உள்ளுக்கு எடு."

"பகிடி விடாதேங்கோ மச்சாள்," என்றார் தாய். பிறகு என்னிடம், "இப்ப சொல்லுறது மட்டும் சரி எண்டு எப்பிடித் தெரியும் பிள்ளை?" என்றார்.

அது நியாயமான கேள்வி. கொப்பியைத் திறந்தேன். "எனக்கு வீட்டில எல்லாற்றை பல்லையும் பாக்க வேணும்," என்றேன்.

மூத்தவனுக்கு இருபது வயது. காங்கேசன்துறையில் சீமெந்து ஆலையில் இரவு வேலை, அறைக்குள் படுத்திருந்தான். தாய் தட்டி எழுப்பினார். சாரத்தை இறுக்கிக்கொண்டு கண்ணைக் கசக்கியபடி வெளியே வந்தான்.

"என்னம்மா?"

"வாயைத் திற."

"பல்லுக் காட்டவே எழுப்பினனீங்கள்?"

முற்றத்து வெளிச்சத்தில் நிற்க வைத்துப் பார்த்தேன். முன்பற்கள் வெள்ளை. கண்ணாடியைத் திருப்பி உட்புறம் பார்த்தேன். அங்கே புகைக் கறை கறுப்பாக ஏறிக் கிடந்தது. அவன் கண் என் கண்ணைப் பார்த்துக் கெஞ்சியது. "முன்பல்லு வெள்ளை, கடைவாயில ரெண்டு சூத்தை," என்று மட்டும் சத்தமாகச் சொல்லி எழுதினேன். அவன் வேகமாக உள்ளே போய்விட்டான்.

கடைசிப் பெண்ணுக்கு ஏழு வயது. முன்னால் புதிதாக முளைத்த இரண்டு பல்லும் பால் போல இருந்தன. கடைவாயில் மூன்று சூத்தை. பிறகு அவளையும் ஒருமுறை பார்த்தேன், நடுப்பிள்ளையை. பழுப்புப் பற்கள் நான்கு. சூத்தை ஒன்றும் இல்லை.

நிரல்களை நிரப்பித் தாயிடம் வாசித்துக் காட்டினேன். மூத்தவன் இங்கே பிறந்தவன். வன்னிக்குப் போகும்போது ஏழு வயது. அதற்குள் அவனுடைய முன்பற்கள் உள்ளே உருவாகி முடிந்துவிட்டன. அந்த நீர் அவற்றைத் தொடவில்லை. கடைசிப் பிள்ளை திரும்பி வந்த பிறகு பிறந்தவள். வன்னிக் கிணற்றில் ஒரு மிடறும் குடிக்கவில்லை. நடுவில் ஒருத்திதான் அங்கே பிறந்து, ஐந்து வயது வரை அந்தக் கிணற்றில் குடித்தவள்.

"அப்ப முதல் பல்லு ஏன் வெள்ளையா இருந்தது?"

"பால்பல்லு அனேகமா வயித்துக்குள்ளையே உருவாகிற பல்லு. அதிலை இது அவ்வளவாத் தெரியாது. பெரிய பல்லு பிறந்த பிறகுதான் முரசுக்குள்ளை உருவாகும். நாலஞ்சு வருசம் உள்ளுக்கை கிடந்துபோட்டு, ஏழு வயசிலதான் வெளியில வரும். அங்கை உருவாகினது இஞ்சை வந்து முளைச்சுது. அதாலதான் நீங்கள் இஞ்சை வந்து கெட்டது எண்டு நினைச்சியள். நானும் அப்பிடித்தான் நினைச்சன்."

தாய் கொப்பியை வாங்கினார். என் எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் எதிர்பார்த்தது நிம்மதியை. பிள்ளையில் பிழையில்லை என்று ஆகிவிட்டதே! ஆனால் அவர் முகம் வேறு பக்கம் போனது.

"அந்தக் கிணத்தில தண்ணி அள்ளினது நான்தானே," என்றார். "காய்ச்சல் காலத்தில எல்லாரும் குளத்துத் தண்ணியைக் குடிக்கேக்கை, நான் இவளுக்கெண்டு அரைக்கட்டை தூரம் நடந்து போய் அந்தக் கிணத்தில அள்ளினனான். கண்ணாடி மாதிரித் தெளிஞ்ச தண்ணி பிள்ளை."

யாருக்கும் தெரிந்திருக்காது, பார்த்தாலும் ருசித்தாலும் தெரியாது, குளத்து நீரைக் கொடுத்திருந்தால் வயிற்றோட்டத்தில் பிள்ளையே போயிருக்கலாம் என்று எனக்குத் தெரிந்தவற்றைச் சொன்னேன். எல்லாம் உண்மைதான். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

பிள்ளைதான் குசினி வாசலிலிருந்து இறங்கி வந்தாள். தாயின் கையிலிருந்த கொப்பியை எட்டிப் பார்த்தாள். "அப்ப நான் ஒண்டும் செய்யேல்லைத்தானே மிஸ்?"

"நீ ஒண்டும் செய்யேல்லை."

"வகுப்பில பொட்டையள் சுருட்டுக்காரி எண்டவளவை."

"எவள் சொன்னது?" என்று மாமி சீறினார். "அவளின்ரை தேப்பன் சுருட்டுக் கொட்டில் வைச்சிருக்கிறவனே?" பிறகு தாயின் பக்கம் திரும்பினார். "மச்சாள், நீ என்ன, நஞ்செண்டு தெரிஞ்சே குடுத்தனீ? அழுறதை விட்டுட்டுக் கணக்கைப் பார். உந்த வீட்டில சூத்தை இல்லாத வாய் எவளின்ரை? உவளின்ரைதானே? இருக்கிறதிலை நல்ல பல்லைக் கொண்டுபோய்ப் பிடுங்கப் போறியே?"

அது நான் சொல்ல வைத்திருந்த அடுத்த காரணம். அந்த உப்பு பல்லின் நிறத்தைக் கெடுத்தாலும் சூத்தை பிடிக்க இலகுவில் விடாது. அதை என்னை விட அவர் நன்றாகச் சொல்லிவிட்டார்.

"படம் பிடிக்கிறதுக்கு..." என்று தாய் இழுத்தார்.

"என்ன படம்?" மாமி இடுப்பில் கை வைத்தார். "சாமத்தியப் படத்தில எந்தப் பெட்டை பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டவள்? என்ரை படத்தை எடுத்துப் பார். குனிஞ்ச தலை, பொத்தின வாய். படக்காரன் சிரி எண்டாலும் சிரிக்க விடுவமே நாங்கள்? மூடிக்கொண்டு நிக்கிற வாய்க்குள்ளை பொய்ப்பல்லு இருந்தாலென்ன, புளியங்கொட்டை இருந்தாலென்ன?"

பிள்ளை சிரித்துவிட்டாள். கை வாய்க்குப் போகும் முன்பே சிரிப்பு வந்துவிட்டது. நான் அன்றுதான் அந்த நான்கு பற்களையும் விரலால் உதட்டைத் தூக்காமல் பார்த்தேன்.

தாய் சிரிக்கவில்லை. கொப்பியை என்னிடம் தந்துவிட்டு, "நிறம் போக வழி இருக்கோ?" என்று கேட்டார்.

"முழுக்கப் போகாது. குறைக்கலாம். எனக்குச் செய்ய அனுமதியில்லை. பெரியாஸ்பத்திரியில பல் வைத்தியருக்குக் கடிதம் தாறன். அதுக்கு முதல் பல்லுக் கூசிறது குறைய வேணும், ரெண்டு மாதம் எண்டாலும்."

"அப்ப சாமத்திய வீட்டுக்கு முதல் ஏலாது."

"ஏலாது."

அவர் கிணற்றடிக்குப் போய் மறுபடி குந்தினார். விளக்கைக் கையில் எடுத்துப் புளியைக் கழுவினார். "திங்கக்கிழமை வரேல்லை எண்டு பட்டணத்தில ஆரைக்கொண்டு சொல்லுறது?" என்றார். மாமி உடனே, "ஏன், நித்திரை கொள்ளுறானே ஒருத்தன், அவனை விடு," என்றார்.

அடுத்த தவணையில் பெரியாஸ்பத்திரிக்குத் தாயும் மகளும் போனபோது நானும் விடுப்பெடுத்துக்கொண்டு போனேன். வைத்தியர் வயதானவர், அதிகம் கதையாதவர். பற்களைச் சுற்றி ரப்பர்த் தாளைக் கட்டி ஈறை மறைத்தார். நுரைக்கல் தூளில் தண்ணீர் கலந்து ஐதாக்கிய அமிலத்தைச் சில துளி குழைத்து, பழுப்பின் மேல் மட்டும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தேய்த்தார். உடனே தண்ணீரால் கழுவினார். மறுபடி தேய்த்தார், மறுபடி கழுவினார். தாய் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். வெளியே வந்ததும் என்னிடம் மெல்லக் கேட்டார்: "உதுவும் புளியும் சாம்பலும்தானே பிள்ளை?"

சட்டென்று இல்லை என்று சொல்லத்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது சரி. "ஓம் அம்மா," என்றேன். "ஆனால் அளவு இருக்கு. முரசை மூடியிருக்கு. நிமிசக் கணக்கு. இது ஆயுளுக்கே ரெண்டு மூண்டு தரந்தான் செய்யலாம். நீங்கள் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் செய்தனீங்கள்."

"அளவு தெரியேல்லை," என்றார் அவர். "துண்டில அளவு போடேல்லை."

"ஓம். போடேல்லை."

இரண்டு தடவை செய்தார்கள். கோப்பிப் பழுப்பு வைக்கோல் மஞ்சளாக இறங்கியது. வெள்ளைப் புள்ளிகள் அப்படியே நின்றன. மூன்றாம் தடவையும் செய்தால் இன்னும் வெளுக்கும், ஆனால் கூச்சம் திரும்பக்கூடும் என்று வைத்தியர் சொன்னார். முடிவை எங்களிடம் விட்டார். எனக்கு அதைச் செய்துவிட வேண்டும் என்று இருந்தது. என் பிழையின் கடைசித் தடமும் போய்விடும் என்ற ஆசை அது. தாய்க்கும் அதே ஆசை, அவருடைய காரணத்துக்காக. இருவரும் பேருந்து நிலையத்தில் நின்று மூன்றாம் தடவைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எனக்குப் போதும்," என்றாள் பிள்ளை.

"கொஞ்சந்தானே பிள்ளை, இன்னும் ஒருக்கால்..." என்றார் தாய்.

"போதும் அம்மா. இப்ப தண்ணி குடிக்கக் கூசேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் மாறி மாறித் தேய்ச்சது காணும்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேருந்து வரும் பக்கத்தைப் பார்த்தபடி சொன்னாள். நானும் தாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளிடம் யாரும் இதுவரை கேட்டிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. துண்டு கொடுத்தபோதும், புளி தேய்த்தபோதும், பட்டணத்தில் நாள் வைத்தபோதும், என் நிரல்களை நிரப்பியபோதும்.

மறுநாள் அவளுடைய அட்டையை எடுத்தேன். சிகிச்சை நிறுத்தப்பட்ட காரணம் என்ற இடத்தில் தெரிவு செய்ய மூன்று சொற்கள் அச்சாகியிருந்தன. மூன்றையும் வெட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த சிறிய வெள்ளையிடத்தில் நெருக்கி எழுதினேன்: பிள்ளை போதும் என்று சொன்னாள்.